கோப்பு ஏன் நகரவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பா பெயரிலிருந்த பட்டாவை மாற்ற மனுக் கொடுத்து ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. அதற்குள் அந்த அலுவலகத்தில் மூன்று வட்டாட்சியர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் 'மறுபடி மனு கொடுங்கள்' என்கிறார். அவர்களைக் குறை சொல்லவில்லை. நாற்காலி சூடாகும் முன்பே ஆளைத் தூக்கினால் கோப்பைப் படிக்க ஏது நேரம்?

முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஐ.ஏ.எஸ். அதிகாரிகளோடு நிற்காமல் வட்டாட்சியர் வரை இறங்க வேண்டும்.

அப்புறம் அபராதம். தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாள் கெடு உண்டு; காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கலாம். (அதிலும் இழுத்தடிப்பு உண்டு, சரி.) மத்தியப் பிரதேசம் 2010-லேயே இந்த முறையை மற்ற அரசு சேவைகளுக்கும் சட்டமாக்கியது. பட்டாவுக்கும் அப்படியொரு கெடு இருந்திருந்தால், நான்காவது வட்டாட்சியருக்காக இப்போது நான் நகல் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்