கேட்டமரான் எல்லாம் கட்டுமரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளை 'நவீன கட்டுமரம்' என்று உங்கள் செய்தியில் எழுதியிருந்தீர்கள். அவை இரட்டை உடல் கொண்ட அலுமினியப் படகுகள். ஆங்கிலத்தில் கேட்டமரான் என்பார்கள், சரி. அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதிலும் சண்டையில்லை. ஆனால் போன இடத்தில் அது என்னென்ன பாடு பட்டது என்று பார்த்தால், அப்படியே திருப்பி எழுதத் தயங்குவீர்கள்.

1697இல் வெளிவந்த ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலில் கேட்டமரான் என்பது சோழமண்டலக் கரையின் லேசான மரத் தெப்பம்தான். ஓட்டுகிறவனின் காலும் பின்புறமும் எப்போதும் தண்ணீரில் கிடக்கும் என்கிறார். நூறு வருடம் கழித்துப் பாருங்கள், 1804 அக்டோபரில் பிரான்சின் புலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகள்மீது ஆங்கிலேயர் ஏவிய வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் அதே பெயர் (பெரிதாக ஒன்றும் சேதமில்லை, அது வேறு கதை). கப்பலுக்கும் துறைமேடைக்கும் நடுவே இடிதாங்கியாக மிதக்கவிடும் பெரிய மரத் தெப்பமும் கேட்டமரான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பனியில் விறகு இழுக்கும் சறுக்கு வண்டியும் கேட்டமரான். வாயாடிப் பெண்களைக்கூட அப்படித் திட்டியிருக்கிறார்கள், பூனையின் ஆங்கிலப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால் இருக்கலாம்!

இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டத்தால் இணைப்பது பசிபிக் தீவுக்காரர்கள் வெகு காலமாகச் செய்துவந்த வேலை. 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஹெர்ரெஷாஃப் அதே மாதிரி 'அமரில்லிஸ்' என்ற பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களைத் திணறடித்தார். இன்று கேட்டமரான் என்றாலே உலகம் நினைப்பது இந்த வகையைத்தான்.

நம்முடையதில் இரண்டு உடலும் இல்லை, இடைவெளியும் இல்லை. செதுக்கிய மரங்களை ஒட்டி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள், அவ்வளவுதான். ஆணி கிடையாது, கீழே ஓட்டை விழுமே என்ற பயம் கிடையாது, அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் தானாக இறங்கிவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு மரமாக மணலில் காயப் போடுவார்கள், ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால். கடற்கரையில் இதற்கு 'மரம்' என்றே பெயர். இத்தனை யோசித்துச் செய்த பொருளை விட்டுவிட்டு, நாம் செய்யாத இரட்டைப் படகுக்குப் பெருமை கொண்டாடுவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. 2004 சுனாமிக்குப் பிறகு மரம் போய்ப் பல ஊர்களில் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. அவற்றின் படத்தைப் போட்டும் கீழே 'கட்டுமரம்' என்று அச்சிடுகிறீர்கள். கொச்சிப் படகுக்கு இரட்டை உடல் படகு என்று எழுதுங்கள், ஃபைபருக்கு ஃபைபர் என்றே போடுங்கள். மீனவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்