சேலம், ஏற்காடு நெட் சென்டர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெட் சென்டர் உரிமையாளர்களுக்கும், அங்கும் இ-சேவை மையங்களிலும் கணினி முன் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா நகல், வில்லங்கச் சான்று, சாதிச் சான்றிதழ், ஆதார் என மனுவோடு இணைக்க வேண்டியது எதுவானாலும் அவர்களை உங்களிடம்தான் அனுப்பி வைக்கிறேன். அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கடைக் கணினியில் உள்ள பிரவுசர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம், அதில் எது மாறியிருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்பதை வாடிக்கையாளர் வந்து உட்காருவதற்கு முன்பே நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூகுளின் பிரவுசரான குரோம் 2021ஆம் ஆண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்ற கணக்குக்கு மாறியது. அதற்கு முன்பு ஆறு வாரம். புதிய பதிப்பு வந்து, நீங்கள் பிரவுசரை மூடித் திறக்காமலே வைத்திருந்தால், வலது மூலையில் ஒரு நினைவூட்டல் தோன்றும். வெளியாகி இரண்டு நாளுக்குள் என்றால் பச்சை, நான்கு நாள் அளவில் ஆரஞ்சு, ஒரு வாரம் கடந்தால் சிவப்பு. சிவப்பு தெரிகிற திரைகளையே நான் அதிகம் பார்க்கிறேன். கேட்டால், “அப்டேட் போட்டால் எல்லாம் இடம் மாறிவிடும் சார்” என்கிறார்கள். இடம் மாறுவது உண்மைதான். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்களும் அதே அப்டேட்டில்தான் வருகின்றன. ஊரார் பேங்க் கணக்கைத் திறக்கிற இயந்திரத்தில் அவற்றைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

நான் முதலில் வற்புறுத்துவது ‘கெஸ்ட்’ எனப்படும் விருந்தினர் முறையை. குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள வட்டப் படத்தை அழுத்தினால் வரும் பட்டியலிலேயே அது இருக்கிறது. அந்தச் சாளரத்தில் ஒருவர் வேலையை முடித்து மூடியதும், அவர் பார்த்த பக்கங்களும் லாகின் தகவல்களும் அந்தக் கணினியில் தங்குவதில்லை. உங்கள் கணக்கில் சேமித்திருக்கும் கடவுச்சொற்களும் அவர் கண்ணில் படுவதில்லை. பார்த்த பக்கங்களைப் பதிந்துவைக்காத ‘இன்காக்னிட்டோ’ சாளரமே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது, ஏனென்றால் உங்கள் கணக்கில் சேமித்த கடவுச்சொற்களை அந்தச் சாளரத்திலும் பிரவுசர் எடுத்துக் கொடுக்கும். இன்று பல கடைகளில் நடப்பதைப் பாருங்கள். ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா’ என்ற பெட்டி எட்டிப் பார்க்கிறது. அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்தி அதை விரட்டுகிறோம். அடுத்து வரும் ஆள் அதே தளத்தின் லாகின் கட்டத்தில் கர்சரை வைத்தவுடன், முன்னால் வந்து போனவர்களின் பெயர்கள் கீழே வரிசையாக இறங்குகின்றன. அவற்றில் ஒன்றை அழுத்தினால் புள்ளி புள்ளியாகக் கடவுச்சொல்லும் தானே நிரம்பிவிடுகிறது.

விருந்தினர் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பதிவிறக்கிய கோப்புகளை அது அழிக்காது. அச்செடுப்பதற்காக இறக்கிய ஆதார் கோப்பு டவுன்லோட்ஸ் போல்டரில் அப்படியே கிடக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்புதானே என்று நினைக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் தட்டிப் பிறந்த ஆண்டைச் சேர்த்தால் அது திறந்துவிடும். பக்கத்திலேயே அவருடைய மாற்றுச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடந்தால், இரண்டு விவரமும் கையில் கிடைத்த மாதிரிதான். ஆகவே அச்செடுத்த கையோடு கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகலையும் ஆதார் தளத்திலேயே இறக்கலாம் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவதும் நல்லது.

அடுத்தது பூட்டு. ‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நல்ல தளம்’ என்று வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிற உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் 2023 செப்டம்பரில் வந்த 117ஆம் பதிப்பிலேயே குரோம் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு சறுக்குப் பொத்தான் போன்ற ஒரு குறியை வைத்தது. காரணம், மோசடித் தளங்களும் அதே மறையாக்க இணைப்பை வாங்கிப் பூட்டுப் போட்டுக்கொண்டே வந்தன. நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளமாக இருந்தது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது ஒருபோதும் சொன்னதில்லை. இனி முகவரியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் போகிற தளத்தின் பெயர் ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பார்க்கச் சொன்னாலே, தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வந்து நிற்கும் போலித் தளங்களில் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

வலப்பக்கக் கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று துள்ளி வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் என்றோ யாரோ ஏதோ ஒரு தளத்தில் ‘அனுமதி’ என்று அழுத்தியதன் பலன். தள அமைப்புகளில் அறிவிப்புகளை மொத்தமாக நிறுத்திவிடலாம். கடைக் கணினிக்கு அவை எதற்கு?

டெண்டர் போட வரும் ஒப்பந்ததாரர்கள், பென் டிரைவ் போன்ற டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகிக்கொண்டு, மைக்ரோசாப்டின் பழைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இன்னும் தேடுகிறார்கள். அதற்கான ஆதரவை 2022 ஜூன் 15ஆம் தேதி மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. பழைய தளங்களுக்காக எட்ஜ் பிரவுசருக்குள் எக்ஸ்ப்ளோரர் முறை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது; ஆனால் அமைப்புகளில் போய் அதை நாமே இயக்க வேண்டும். அந்த முறையில் திறக்க வேண்டிய தளங்களின் பட்டியலில் நாம் சேர்த்த முகவரி 30 நாள்தான் நிற்கும். பிறகு அது காலாவதியாகிவிடும். மறுபடி சேர்க்க வேண்டும். இது தெரியாமல் ‘போன மாதம் திறந்தது, இந்த மாதம் தளமே கெட்டுவிட்டது’ என்று டெண்டரின் கடைசி நாளில் கை பிசைந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

நான்கு ஜிபி ரேம் உள்ள கணினிகள்தான் பல கடைகளில். அவற்றுக்குக் குரோமின் நினைவகச் சேமிப்பு வசதி கைகொடுக்கும். பார்க்காமல் கிடக்கும் டேப்களை அது உறங்க வைக்கிறது. பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடுமோ என்ற பயம் வேண்டியதில்லை, அத்தகைய டேப்களை அது தொடுவதில்லை என்று கூகுளே சொல்கிறது. அப்படியும் சந்தேகம் இருந்தால், அந்தத் தளத்தின் முகவரியை ‘எப்போதும் இயங்கட்டும்’ பட்டியலில் சேர்த்துவிடலாம்.

விண்டோஸ் 7 போட்ட கணினிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், வருத்தத்தோடுதான். குரோம் அவற்றுக்கு 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 10 வேண்டும். உங்களில் பலர் கடனில் கடை நடத்துகிறீர்கள், புதுக் கணினி வாங்கச் சொல்வது எளிது என்பதை அறிவேன். அத்தகைய கணினியை ஸ்கேனுக்கும் ஜெராக்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க், ஆதார் வேலைகளை மட்டுமாவது வேறொன்றுக்கு மாற்றுங்கள்.

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல். மலைக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து ஒண்டிக்கடை வரை வந்து சேருகிறவர், திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே பிள்ளையின் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார். எஸ்டேட் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஆங்கிலப் பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்தால் தமிழில் மொழிபெயர்க்கும் வசதி குரோமில் இருக்கிறது. திரையை அவர் பக்கம் திருப்பி, எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று அவரையே படிக்க விடுங்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும், ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் குதறிவைக்கும். ஆகவே விண்ணப்பத்தை அனுப்பும் முன் மூலப் பக்கத்துக்குத் திரும்பி ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால், காலையிலிருந்தே உங்கள் கடைகளில் கூட்டம் இருக்கும். புதுப்பிக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமை மாலை கடை அடைக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டு, பிரவுசரை மூடித் திறந்து, புதிய வசதிகளைக் காட்டும் பக்கத்தை ஒரு பார்வை பார்த்து, அச்சுப் பொத்தானும் பதிவிறக்கக் குறியும் எங்கே போயிருக்கின்றன என்று தேடி வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் ஆள் அனுப்பும் மனு எழுத்தர்,
சேலம்.