தொடக்க ஆண்டைச் சொல்லாத ஒப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்கு, தங்கம், வைப்புநிதி ஆகியவற்றின் நீண்டகால வருவாயை ஒப்பிட்டு, ஒரே நெடுங்காலச் சராசரியை மட்டும் காட்டும் அட்டவணையோடு தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1979-இல் 100 புள்ளிகள் என அடிப்படை வைக்கப்பட்ட சென்செக்ஸ் (மும்பைப் பங்குச்சந்தையின் முப்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு), 2024 மார்ச் இறுதியில் 73,000-ஐத் தாண்டியிருந்தது; கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 15 விழுக்காட்டுக்கும் மேல். அதே காலத்தில் தங்கத்தின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது. இந்தக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 45 ஆண்டுகள் கைவைக்காமல் பணத்தை விட்டுவைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? பிள்ளைகளின் படிப்புக்கோ வீடு வாங்கவோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சேமிப்பவருக்கு, எந்த ஆண்டில் போட்டார், எந்த ஆண்டில் எடுத்தார் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்து ஏற்றத்தின் உச்சமான 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,467 புள்ளிகளைத் தொட்டது; 2003 ஏப்ரலில் அது சுமார் 3,000. உச்சத்தில் 10,000 ரூபாய் போட்டவரிடம், ஈவுத்தொகையை (நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகையை) விட்டுப் பார்த்தால், பதினொரு ஆண்டுகள் கழித்து 7,000 ரூபாய்கூட மிஞ்சியிருக்காது. அதே பணத்தைப் பொது வருங்கால வைப்பு நிதியில் போட்டவருக்கு, 2000 தொடக்கம்வரை 12 விழுக்காடு வட்டி கிடைத்ததால், தொகை மும்மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். 2003-இல் தொடங்கியவரின் கதை நேர்மாறானது: ஐந்து ஆண்டுகளுக்குள், 2008 ஜனவரியில், சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டு ஏழு மடங்கானது. அப்போதும் விற்காமல் இருந்தவர், 2009 மார்ச்சில் அது 8,200-க்கும் கீழே இறங்கியதையும் பார்த்தார். மாதாமாதம் சிறிது சிறிதாகப் போடும் எஸ்ஐபி முறை தொடக்க ஆண்டின் தாக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மை. எடுக்கும் ஆண்டின் தாக்கத்தை அது குறைப்பதில்லை.

பங்குகளுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். சென்செக்ஸ் புள்ளிகளில் ஈவுத்தொகை சேர்வதில்லை. அதைச் சேர்த்தால் பங்கின் வருவாய் இன்னும் கூடும். பரஸ்பர நிதிகள் தங்கள் செயல்பாட்டை ஈவுத்தொகை சேர்ந்த குறியீட்டோடுதான் ஒப்பிடவேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2018 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியதும் இதனால்தான். அதேவேளையில், சென்செக்ஸின் வளர்ச்சி என்பது தனிப்பட்ட பங்குகளின் வளர்ச்சி அன்று. அம்பாசிடர் காரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு காலத்தில் அந்த முப்பதில் ஒன்று. தேய்ந்த நிறுவனங்களை நீக்கி வளர்பவற்றைச் சேர்த்துக்கொண்டே வருவதால் குறியீடு உயர்கிறது. பழைய பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவருக்கு அந்த வசதி கிடையாது.

தங்கத்தின் கணக்கும் அட்டவணையில் தெரிவதுபோல் எளிதன்று. 2012-இல் 10 கிராம் சுமார் 31,000 ரூபாய். 2018-இலும் ஏறக்குறைய அதே விலைதான். அதற்குப் பிந்தைய ஏற்றத்தை மட்டும் காட்டி யாரும் தங்கத்தைப் பரிந்துரைத்துவிடலாம். மேலும், நம் வீடுகளில் தங்கம் என்றால் நகைதான். சேதாரம் 10 விழுக்காடு என்று வைத்தாலே, 3 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து, 100 ரூபாய் தங்கத்துக்கு 113 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். விற்கும்போது இந்தப் பதின்மூன்று ரூபாய் திரும்பி வருவதில்லை. கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள்.

ஆகவே, இனி இத்தகைய அட்டவணைகளை வெளியிடும்போது, ஒரே நெடுங்காலச் சராசரியோடு நிறுத்தாமல், பத்தாண்டுக் காலங்களில் மிக மோசமானதையும் மிக நல்லதையும் அருகருகே அச்சிட வேண்டுகிறேன். வரி போக மிஞ்சும் தொகையைக் காட்டும் ஒரு நெடுவரிசையும் தேவை. வங்கி வைப்பு வட்டி வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கு வரியில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பின், பங்கின் நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 விழுக்காடு வரி. இவற்றைக் கழிக்காமல் வைப்புநிதியையும் பங்கையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், வாசகருக்குக் கிடைப்பது பாதிக் கணக்குதான்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர், கும்பகோணம்