எந்தச் சொல் முதலில்?

அன்புள்ள செல்வம்,

வாட்ஸ்அப்பில் நீ கேட்ட ஒரு வரிக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். "துப்பாக்கியோடு திரிகிறாயாமே, போலீஸ் மறித்தார்களாமே?" இரண்டும் உண்மைதான். என் வீட்டுக்காரி உன் வீட்டுக்காரியிடம் சொன்னதில் கொஞ்சம் மசாலா கூடியிருக்கும், அதைக் கழித்துக்கொள்.

பெட்ரோல் பங்கில் நான் பங்காளியானது உனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று இரவு கல்லாப் பணத்தை வங்கிக்குக் கொண்டுபோவது நான்தான். இங்கே அமெரிக்காவில் சிட்டிசன் ஆன மறுவருஷம் பெர்மிட் எடுத்தேன். மிச்சிகனில் அதை சி.பி.எல். என்பார்கள், பிஸ்டலைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள அனுமதி. 8 மணி நேர வகுப்பு, அதில் 3 மணி நேரம் சுடுகிற பயிற்சி, கவுண்டி ஆபீசில் (நம் ஊர் மாவட்ட ஆபீஸ் மாதிரி) 100 டாலர், கைரேகை. உங்கள் அப்பா காட்டுப்பன்றி விரட்டுகிற துப்பாக்கிக்கு கலெக்டர் ஆபீசுக்கு நடந்த நடையை நினைத்தால் இதெல்லாம் ரேஷன் கார்டு வாங்குவது மாதிரி. (என் தங்கை மகன் ஹெச்-1பி விசாவில் வந்த மூன்றாம் மாதமே "மாமா, எனக்கும் ஒன்று" என்றான். விசாக்காரன் துப்பாக்கி வைத்திருந்தால் அது மத்திய சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. பேசாமல் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு இரவு, 11 மணி இருக்கும், கிராண்ட் ரிவர் சாலையில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

நம் ஊரில் போலீஸ் கை காட்டினால் என்ன செய்வோம்? வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ஆர்.சி. புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நாமே "சார்" என்று நடந்து போவோம். உட்கார்ந்த இடத்தில் இருந்தால் "என்னலே, பெரிய துரையோ?" என்பார்கள். இங்கே கதவைத் திறந்து இறங்கினாலே அவர் கை இடுப்புக்குப் போய்விடும். வந்து இத்தனை வருஷமாகியும் என் கால் இன்னும் கதவுப் பக்கம்தான் போகிறது. அன்றைக்கும் போனது, இழுத்து வைத்துக்கொண்டேன். கண்ணாடியை இறக்கினேன், உள்விளக்கைப் போட்டேன், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

இந்த மாநிலச் சட்டத்தில் "உடனே" என்று ஒரு சொல் இருக்கிறது. போலீஸ் நிறுத்தினால், பிஸ்டல் இடுப்பில் இருந்தாலும் வண்டிக்குள் இருந்தாலும், அவர் கேட்பதற்கு முன்பே நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவை 500 டாலர் அபராதம், பெர்மிட் 6 மாதம் முடக்கம். என் டிரைவிங் லைசென்ஸைத் தட்டினால் பெர்மிட் இருப்பது அவர் கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் வாயால் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம். "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்றால் அது வங்கிக் கொள்ளைக்காரன் பேசுகிற வசனம். வகுப்பில் ஒரு கிழவர் சொல்லிக் கொடுத்தார்: துப்பாக்கி என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, பெர்மிட்டை முதலில் சொல். "எனக்கு சி.பி.எல். இருக்கிறது, இப்போது அது வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?" சொல்லிவிட்டு அசையாதே. இந்த ஒரு வாக்கியத்தை வருஷக்கணக்காகக் குளியலறையில் ஒப்பித்திருக்கிறேன், எட்டாம் வகுப்பில் செய்யுள் ஒப்பித்த மாதிரி. என் ஆங்கிலம் பதற்றத்தில் எப்படி உடையும் என்று உனக்குத்தான் தெரியுமே.

சொன்னேன். உடையாமல் வந்தது. இளவயதுக்காரர். ஒரு நொடி பார்த்தார். "சரி, நீங்கள் உங்களுடையதைத் தொடாதீர்கள், நான் என்னுடையதைத் தொடவில்லை" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் லைசென்ஸைக் கேட்டார். அங்கேதான் எனக்கு வியர்த்தது. பர்ஸ் பேன்ட்டின் பின்பக்கம், வலது பாக்கெட்டில். பிஸ்டலும் அதே வலது இடுப்பில். லைசென்ஸை எடுக்கக் கை போகிற வழியும் பிஸ்டலை எடுக்கக் கை போகிற வழியும் ஒன்றுதான்! அத்தனை ஒப்பித்தவனுக்கு இது தோன்றவில்லை பார். அவரிடமே சொன்னேன். இறங்கச் சொல்லி, பிஸ்டலை அவரே உருவித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு, பர்ஸை எடுக்கவிட்டார். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் திருப்பித் தந்து, விளக்கை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார். அபராதம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. ஃபிலாண்டோ காஸ்டிலின் நினைப்பு வந்துவிட்டது. 2016 ஜூலை 6, மினசோட்டாவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்கிற ஊர். 32 வயதுக் கறுப்பினத்தவர், பள்ளிக்கூட உணவகத்தில் வேலை. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு மனப்பாடம் என்று பிறகு சொன்னார்கள். பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார் அதிகாரி. லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்டார். இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்துவிட்டு, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார் காஸ்டில். எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் இவர். சில நொடிகளில் ஏழு குண்டுகள். பக்கத்தில் காதலி, பின் இருக்கையில் அவளுடைய நாலு வயதுக் குழந்தை. பெர்மிட் முறையாக வாங்கியது. மினசோட்டா சட்டப்படி அதிகாரி கேட்டால்தான் சொல்ல வேண்டும், அவர் கேட்காமலேயே சொன்னார். மறுவருஷம் ஜூன் மாதம் ஜூரி அந்த அதிகாரியைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது.

பெர்மிட் என்ற சொல் முதலில் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று வகுப்புக் கிழவர் நம்புகிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. என்னைப் பார்த்ததும் அந்தப் போலீஸ் பையன் தமாஷ் பேசினான், காஸ்டிலைப் பார்த்தபோது இன்னொருவன் பயந்தான். இதில் என் வாக்கியத்தின் பங்கு எவ்வளவு, என் நிறத்தின் பங்கு எவ்வளவு என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். விடை வரவில்லை.

இதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஒஹையோ. அங்கேயும் முன்பு நாமே சொல்ல வேண்டும். 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும், பெர்மிட்டே கட்டாயமில்லை. டல்லாஸில் இருக்கிற நம் ராஜா, "எங்கள் டெக்சாஸில் 2021-லிருந்தே பெர்மிட் வேண்டாம்டா" என்று பெருமையடிக்கிறான். சிகாகோவில் நம் ஊர்க் கடைகள் இருக்கிற டெவன் அவென்யூவுக்குச் சாமான் வாங்கப் போனால் எங்கள் பெர்மிட்டை அந்த இல்லினாய் மாநிலம் மதிக்காது. கோயிலுக்குப் போகிற ஞாயிறு இங்கேயே அனுமதி கிடையாது, நிர்வாகம் ஒப்புக்கொண்டால்தான். ஆக, பிஸ்டல் பெரும்பாலும் வீட்டுப் பெட்டகத்தில்தான் கிடக்கிறது. வங்கிக்குப் போகும் இரவுகளில் மட்டும் கூட வருகிறது. பர்ஸ் இப்போது சட்டையின் இடது பாக்கெட்டுக்கு மாறிவிட்டது, நம் தமிழ் வாத்தியார் வைத்திருப்பாரே, அப்படி.

மகள் இந்த வருஷம் கல்லூரிக்குப் போகிறாள். கார் கேட்கிறாள். நம்பர் பிளேட் விளக்கைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அப்பாவின் இரட்டைக்குழல் என்ன ஆயிற்று? ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாரே. அவர் போன பிறகு லைசென்ஸை உன் பேருக்கு மாற்றினாயா, இல்லை அது இன்னும் அம்பாசமுத்திரம் ஸ்டேஷனிலேயே கிடக்கிறதா? எழுது.

அன்புடன்,
கணேசன்