லாஸ்கோ குகைக்குள் நாம் போக முடியாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் ரொம்ப மகிழ்ச்சி. இங்கே பெரிய செய்தி எதுவும் இல்லை. மகன் விட்டுப்போன விஆர் ஹெட்செட்டை (கண்ணை மூடி மாட்டும் கருவி; தலையைத் திருப்பினால் உள்ளே தெரியும் காட்சியும் திரும்பும்) மாட்டிக்கொண்டு சாயங்காலங்களில் பழைய இடங்களைச் சுற்றுகிறேன். 'அதுவும் வெறும் போட்டோதானே' என்று கேட்டிருந்தாய். போட்டோதான். ஆனால் அதில் படச்சட்டம் இல்லை, ஓரம் இல்லை.

இது புதுத் தந்திரமும் இல்லை. 1793-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் லண்டனில் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார். இருட்டான நடைவழியில் போய், நடுவிலிருக்கும் மேடையில் ஏறினால் சுற்றிலும் ஒரே ஓவியம். அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படாமல் மறைத்திருந்தார்கள். ஹெட்செட் செய்வதும் இதைத்தான்.

இப்போது ஓவியருக்குப் பதில் கேமரா. அதைச் சுழற்றிச் சுழற்றி எடுத்த படங்களை ஒட்டி, ஒரு கோளத்தின் உட்புறம் போர்த்தி, நடுவில் நம்மை நிறுத்துகிறார்கள். லென்ஸுக்குள் ஒரு புள்ளி இருக்கிறது. அதை அச்சாக வைத்துத்தான் சுழற்ற வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பக்கத்துத் தூண் ஒட்டுப்போட்ட இடத்தில் முறிந்து தெரியும். எங்கே போனாலும் நான் முதலில் குனிந்து தரையைப் பார்க்கிறேன். முக்காலி நின்ற இடத்தை எப்படி மறைத்திருக்கிறார்கள் என்பதிலேயே செய்தவரின் அக்கறை தெரிந்துவிடும்!

வாடிகனில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் ஓவியக் கூரை சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேரில் போனால் கூட்டத்துக்கு நடுவே அண்ணாந்து நிற்க வேண்டும். வாடிகன் இணையதளத்தில் அந்தக் கூடம் காலியாகக் கிடக்கிறது. கூரையில் தீட்டிய ஆதாமின் விரலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்த உயரம் உடம்பில் உறைக்கவில்லை. 'அந்த மூலைக்குப் போய்ப் பார்ப்போமே' என்றால் அதுவும் நடக்காது. தலை திரும்பும், கால் நகராது. கேமராக்காரர் நின்ற இடமே நம் இடம். எதைப் பார்க்க வேண்டும் என்பதில் பாதியை அவரே முடிவு செய்துவிடுகிறார். எனக்கு இதில் இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

ஆனாலும் சில இடங்களுக்கு வேறு வழியே இல்லை. ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்ஸின் லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் ஓவியங்களைக் கெடுத்ததால் 1963-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். அங்கே நாம் போகாமல் இருப்பதே ஓவியங்களுக்கு நல்லது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தின் கதை வேறு மாதிரி. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் அந்தப் பேராலயத்தை லேசரால் நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அளந்தார். அதே இடங்களிலிருந்து சுற்றுப்படங்களும் எடுத்தார். 2018-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூரை எரிந்தது.

நீ முதலில் எகிப்தின் கீஸாவில் பழங்கால அரசி மெரேசங்கின் கல்லறைக்குப் போ. 2020 முதல் இணையத்தில் இருக்கிறது; ஹெட்செட் வேண்டாம், போனே போதும். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஓடாதே. உள்ளே பாறையிலேயே செதுக்கிய பத்துப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அங்கே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, என்ன தோன்றியது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்