மகளின் தாடை நேரானதற்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

மகளின் மேலண்ணத்தில் பொருத்தியிருந்த எக்ஸ்பேண்டரை (குறுகிய மேல்தாடையை மெதுவாக விரிக்கும் கருவி) கழற்றி இன்றோடு ஒரு மாதம். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நன்றி அவளுடைய வகுப்பு ஆசிரியைக்கு. “வாயை மூடும்போது மோவாய் இடப்பக்கம் போகிறதே, கவனித்தீர்களா?” என்று கேட்டது அவர்தான். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

அப்புறம் பல் சீரமைப்பு மருத்துவருக்கு. முன்பற்கள் வரிசையாகத்தானே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு போனோம். அவர் பல்லை விட்டுவிட்டுத் தாடையைப் பார்த்தார். மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி மெல்ல வாயை மூடச் சொன்னார். மேல்தாடை குறுகல்; வாயை மூடும்போது பற்கள் இசகுபிசகாக இடிக்கின்றன; கடிக்க வசதியான இடம் தேடிக் கீழ்த்தாடை ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் நழுவுகிறது. கடைசியில் இடது கடைவாயின் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்காருகின்றன. வளரும் வயதில் இது நீடித்தால் தாடையின் இரண்டு பக்கமும் சமமாக வளராமல் போகலாம் என்றார். 8 வயதில் அண்ணத்தின் நடு இணைப்பு இன்னும் இறுகியிருக்காது, அதனால் இப்போதே விரிப்பது சுலபம் என்றும் சொன்னார்.

என் தாடை மூட்டில் வரும் ‘டக்’ சத்தமும் கம்பி போட்டால் போகுமா என்று கேட்டேன். அதற்குக் காரணங்கள் பல, கம்பியால் தீரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

எக்ஸ்பேண்டரை விரிக்கும் சாவியைத் திருப்பக் கற்றுக்கொடுத்த உதவியாளர் அக்காவுக்கு: ஒரு திருப்புக்கு 0.25 மில்லிமீட்டர்தான், ஆனாலும் முதல் நாள் என் கை நடுங்கியது. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், அது நல்ல அறிகுறி என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் பயந்தே போயிருப்போம்.

அம்மா, உங்களுக்கும்தான். வலித்த நாட்களில் எல்லாவற்றையும் குழைத்துக் கொடுத்தீர்கள். பல் சரியான பின்னும் அவள் பழையபடி ஒரே பக்கம் மென்றபோது, பக்கத்தில் உட்கார்ந்து “இப்போ அந்தப் பக்கம்” என்று வேளை தவறாமல் சொன்னீர்கள். மருத்துவர் நேராக்கிய தாடையை இரண்டு பக்கமும் மென்று சாப்பிடப் பழக்கியது நீங்கள்.

கண்ணம்மா, அத்தனை மாதமும் வாயில் அந்த இரும்போடு பேசினாய், சாப்பிட்டாய், ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போது யாரும் நினைவூட்டாமலே இரவில் ரீடெய்னரை (பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தாங்கும் கருவி) எடுத்துப் போட்டுக்கொள்கிறாயே, அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
அம்மா