ஆள் கிடைக்கவில்லை என்று மனுக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிகள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். வருகைப் பதிவேடு, ஷிப்ட் பட்டியல், சம்பளப் பிடித்தம், வருகிறவருக்குச் சீருடை, போகிறவருக்குக் கணக்கு முடித்தல் எல்லாம் என் மேசையில்தான் நடந்தன. நீங்கள் அரசுக்கு அனுப்பும் மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு வரிகளை அந்த மேசையில் உட்கார்ந்தே படித்துப் பழகினேன். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது முதல் வரி. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும் என்பது இரண்டாவது. சில சமயம் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆளே கிடைக்காத இடத்தில் எந்த ஆளைக் குறைக்கப் போகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என நெடுநாள் காத்திருந்தேன். இப்போது நானே கேட்கிறேன்.

ஆட்கள் வந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். வந்து, சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, சொன்னதும் எழுந்து போனார்கள். சேர்ந்தவர்களிலும் பலர் முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் வரவில்லை. அலுவலகத்துக்குள் இதை ‘ஆள் நிற்பதில்லை’ என்று பேசிக்கொள்வோம், ஏதோ வந்தவர்களிடம்தான் குறை என்பதுபோல. ஒரு பெண் விலகும்போது சீருடையைத் துவைத்து, மடித்து, என் முன்னால் வைத்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்ததையும் வந்துபோகிற செலவையும் கழித்தால் ஒரு நாளுக்குக் கையில் என்ன நிற்கிறது என்று கணக்குச் சொன்னார். அந்தக் குரலில் கோபமில்லை. ஒரு கணக்கைப் பொறுமையாக விளக்குகிறவரின் குரல் அது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன். அப்படி எழுதுவதுதான் வழக்கம். அந்த ஆண்டு விலகிய பெரும்பாலோருக்கும் அதே இரண்டு சொற்கள்தான். உங்கள் மனுக்கள் இப்படிப்பட்ட பதிவேடுகளிலிருந்து பிறக்கின்றன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். எரிபொருள் விலை ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறீர்கள். பழைய விலைக்கு எவரும் தர மறுக்கிறார்கள், அரசு தலையிட வேண்டும் என்று மனுப் போடுவதில்லை. உழைப்புக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற வரியில் ‘இந்தச் சம்பளத்துக்கு’ என்ற சொற்கள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் அந்த மனுவின் பொருளே மாறிவிடுகிறது.

ஆனால் சம்பளத்தை உயர்த்தாத முதலாளிகள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியும். ஒரு நிறுவனத்தில் பத்துப் பேர் ஆளுக்கு 100 கூலியில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது ஆள் 110 கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். அவருடைய உழைப்பால் வருமானம் 150 கூடும். பார்வைக்கு 40 இலாபம். ஆனால் புதியவருக்கு 110 என்று தெரிந்த அன்றே பழைய பத்துப் பேரும் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். அவர்களுக்கு ஆளுக்கு 10 ஏற்றினால் 100. ஆக, பதினோராவது ஆளுக்கு உண்மையில் ஆகும் செலவு 210. வருவது 150, போவது 210. எனவே அந்த இடம் காலியாகவே கிடக்கிறது, வாசலில் ‘ஆட்கள் தேவை’ பலகையும் ஆண்டுக்கணக்கில் தொங்குகிறது. பலகை பொய் சொல்லவில்லை. 100க்கு இன்னோர் ஆள் வந்தால் அந்த முதலாளி உடனே எடுத்துக்கொள்வார்.

இப்போது சட்டம் 110 என்று அடிக்கோடு போடுகிறது, அதற்குக் கீழே எவருக்கும் கொடுக்கக் கூடாது. பத்துப் பேருக்கும் எப்படியும் 110 கொடுத்தாக வேண்டும். பதினோராவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 110, வரவு 150. எடுத்துவிடுவார். கூலி ஏறியிருக்கிறது, ஆளும் கூடியிருக்கிறது. முதலாளியின் இலாபத்தில் 60 குறைகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இலாபம் குறைவது வேறு, வேலை குறைவது வேறு. உங்கள் மனுக்கள் முதலாவதைச் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டாவதைச் சொல்கின்றன. கூலியைத் தீர்மானிக்கும் பலம் உழைப்பை வாங்கும் முதலாளியிடம் இருக்கும் சந்தையில் இப்படித்தான் நடக்கும் என்பதைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இலேயே காட்டிவிட்டார். அடிக்கோட்டை 110இல் நிறுத்தாமல் 300க்குக் கொண்டுபோனால் பதினோராவது ஆள் மட்டுமல்ல, பழைய பத்துப் பேரில் பலரும் வெளியே நிற்பார்கள். அதனால்தான் எவ்வளவு என்பது விவாதிக்க வேண்டிய கேள்வி. அந்த விவாதத்துக்கு வாருங்கள். வேண்டவே வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு என்பீர்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எல்லையின் இரு பக்கத்திலும் 410 துரித உணவகங்களை, உயர்வுக்கு முன்பும் பின்பும் கணக்கெடுத்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. அந்த ஆய்வை எதிர்த்துக் கடுமையான மறுப்புகள் வந்தன. சம்பளப் பட்டியல்களைக் கொண்டு வேறு முடிவுக்கு வந்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனாலும் கூலி ஏறினால் வேலை போகும் என்பதை இயற்கை விதிபோல உச்சரிக்கும் துணிவு அதற்குப் பிறகு நேர்மையான பொருளியலாளர் எவருக்கும் இருக்க முடியாது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் 2019இலேயே மறைந்துவிட்டார். பிரிட்டனில் 1999 ஏப்ரலில் தேசிய அளவில் குறைந்தபட்ச ஊதியம் வந்தபோதும் பெருமளவு வேலையிழப்பு வரும் என்று எச்சரித்தார்கள். வரவில்லை.

1913இல் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஆள் நிற்காத நிலை 370 சதவீதத்தை எட்டியது. 100 இடங்களை நிரப்பி வைக்க ஓராண்டில் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது என்று அர்த்தம். ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்தவனுக்கு அந்த எண்ணைப் படித்தாலே உடம்பு களைத்துப்போகும். ஒவ்வொரு புதிய ஆளுக்கும் பயிற்சி, அவர் கை பழகும்வரை வீணாகும் பொருள், பக்கத்தில் நிற்பவருக்கு ஏறும் சுமை என எல்லாவற்றுக்கும் செலவுண்டு. ஆனால் சம்பளக் கணக்கில் அது தனிப் பத்தியாக வருவதில்லை. 1914 ஜனவரியில் அந்த நிறுவனம் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தது. ஏறத்தாழ இரண்டு மடங்கு; வேலை நேரமும் எட்டு மணியாகக் குறைந்தது. விலகல் சரிந்தது. அந்த ஐந்து டாலர் சும்மா வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, அவர் எப்படி வாழ்கிறார் என்று வேவு பார்த்த பிறகே முழுத் தொகையையும் கொடுத்தார்கள். அந்தப் பகுதியை எவரும் பின்பற்ற வேண்டாம்.

இன்னொரு பழைய செய்தி. கொள்ளைநோயில் மக்கள் மடிந்து, வயலில் வேலை செய்ய ஆளில்லாமல் போனபோது, 1349இலும் 1351இலும் இங்கிலாந்தில் கூலிச் சட்டங்கள் வந்தன. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அந்தக் கூலிக்கு வர மறுத்தால் சிறை. கூலியில் அரசு தலையிடுவது சந்தையைக் கெடுக்கும் என்று இன்று சொல்கிறீர்களே, ஆள் பற்றாக்குறை உழைப்பவர் பக்கம் காற்றைத் திருப்பிய அந்தக் காலத்தில் தலையிடச் சொன்னவர்கள் ஆள் வைத்து வேலை வாங்கியவர்கள்தான். கூலிக்கு மேல்வரம்பு கட்டிய காலம் அது. கீழ்வரம்பு கட்டும் சட்டங்கள் வர இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதில் முன்னால் நடந்தவை 1890களின் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும்.

உங்களில் நல்ல சம்பளம் கொடுக்க மனமுள்ளவர்களும் இருக்கிறீர்கள். சிலரை எனக்குத் தெரியும். நான் கூட்டினால் பக்கத்துக்காரன் கூட்டமாட்டான், ஒப்பந்தம் அவன் கைக்குப் போய்விடும் என்ற பயம்தான் அவர்களுடைய கையைக் கட்டுகிறது. 1909இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சில தொழில்களில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வாரியங்கள் அமைக்கும் சட்டத்துக்காகப் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில் இதையேதான் சொன்னார்: பேரம் பேசும் பலம் சமமாக இல்லாத தொழிலில் நல்ல முதலாளியைக் கெட்ட முதலாளி வீழ்த்துகிறான், கெட்டவனை அவனைவிட மோசமானவன் வீழ்த்துகிறான். எல்லாருக்கும் ஒரே அடிக்கோடு இருந்தால் உழைப்பவரின் வயிற்றைக் கட்டிப் போட்டியில் முந்துகிற வழி அடைபடும். சட்டம் வந்த மறு ஆண்டே, கிராட்லி ஹீத் என்ற ஊரில் இரும்புச் சங்கிலி அடித்த பெண்களுக்கு வாரியம் நிர்ணயித்த கூலியைக் கொடுக்காமல், அதை விட்டுக்கொடுப்பதாகப் பத்திரங்களில் அவர்களிடமே கையெழுத்து வாங்கினார்கள் முதலாளிகள். அந்தப் பெண்களில் படிக்கத் தெரியாதவர்கள் பலர். பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் சட்டம் கொடுத்த கூலியை அவர்கள் வாங்கினார்கள்.

சிறு முதலாளிகளின் நெருக்கடியை நான் தள்ளிவிடவில்லை. பெரிய நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை செய்து கொடுப்பவரிடம் அந்த வேலைக்கான விலையைத் தீர்மானிக்கும் பலம் இல்லை. ஜெர்மனியில் 2015இல் குறைந்தபட்ச ஊதியம் வந்த பிறகு, சம்பளம் குறைந்த சிறு நிறுவனங்களிலிருந்து கூடுதலாகக் கொடுக்கும் நிறுவனங்களுக்குத் தொழிலாளர்கள் நகர்ந்ததாக ஆய்வுகள் காட்டின. தொழிலாளிக்கு நல்லது; ஆளை இழந்த சிறு முதலாளிக்கு வலிதான். ஆகவே உங்கள் சங்கங்களில் பெரிய இருக்கைகளில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊதியம் ஏறும் நாளிலேயே ஒப்பந்த விலையும் தானாக ஏற வேண்டும் என்ற விதியை உங்கள் ஒப்பந்தங்களில் எழுதுங்கள். இதற்கு அரசின் அனுமதி தேவையில்லை.

வெளியிடங்களிலிருந்து ஆள் கொண்டுவர அனுமதி கேட்கிறீர்கள். அவர்கள் வரட்டும், வரவேற்போம். ஆனால் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு, விலகினால் தங்கும் உரிமையும் போகும் என்ற நிபந்தனையோடு அவர்களைக் கேட்காதீர்கள். என் பதிவேட்டில் ‘சொந்தக் காரணம்’ என்று நான் எழுதிய அந்தப் பெண்ணுக்கு எழுந்து போகும் சுதந்திரமாவது இருந்தது.

உங்கள் அடுத்த மனு தயாராகிக்கொண்டிருக்கும். காலியிடங்களின் பட்டியலில் இன்னும் மூன்று பத்திகள் சேர்த்து அனுப்புங்கள்: அந்த இடத்துக்கு நீங்கள் கொடுப்பதாகச் சொன்ன சம்பளம், அது கடைசியாக உயர்ந்த ஆண்டு, அந்த ஓராண்டில் சேர்ந்து விலகியவர்களின் எண்ணிக்கை. மூன்றும் உங்கள் அலுவலகத்திலேயே, என்னைப்போல ஒருவர் மேசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
பன்னிரண்டு ஆண்டுகள் உங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த ஒருவன்